துணிக்குப் பின்னால் கேட்ட குரல்

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டு டிவிக்கு ஒரு துணி இருந்தது. வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் ரோஜாப்பூப் பின்னல். சிங்கப்பூரில் இருந்த மகன் டிவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதும், தூசி படக் கூடாது என்று அந்த அக்கா தன் கையால் பின்னியது. படம் பார்க்கும்போது அதைச் சுருட்டி டிவியின் தலையில் வைத்திருப்பார்கள். கூச்சப்படுகிற மாதிரி காட்சி வந்தால் அக்கா எழுந்துபோய்த் துணியைக் கீழே இறக்கிவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். முடிந்திருந்தால் மறுபடி சுருட்டி வைப்பார்கள். அவர்கள் மட்டும் பார்க்கலாமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சத்தத்தைக் குறைக்கிற வழக்கம் இல்லை. ரிமோட் கெட்டுப்போய்விடும் என்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

எங்கள் தெரு வாய்க்கால் கரையில் இருக்கிறது. தெருவின் முனையில் எங்கள் லுத்தரன் கோயில். தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள் நாங்கள். எல்லாரும் வயல் வேலைக்காரர்கள்தான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதன் பிறகு நடவுக்குப் போய்விட்டேன். காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை போன வருஷங்களில் தெருவில் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். திருப்பூர், சிங்கப்பூர், குவைத் என்று போனார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காமாலையில் போய்விட்டார். மிச்சம் இருந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சோறு தின்றுவிட்டு, அந்த அக்கா வீட்டுக் கூடத்தில் போய் உட்காருவோம்.

அந்த நேரத்தில்தான் உளவாளி படம் போடுவார்கள். ஒரே ஆளைப் பற்றி நிறையப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். நடிக்கிறவரின் முகம்கூட நடுவில் மாறிவிடும், பேர் மாறாது. வெள்ளைக்காரப் படம், ஆனால் எல்லாரும் தமிழில் பேசுவார்கள். சண்டை போட்டாலும் அவன் சட்டை கசங்காது. பெண்கள் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வருவார்கள். ஒரு படத்துக்கு இரண்டு பேர். முதலில் வருகிறவள் அவனை நம்புவாள், பாதிப் படத்தில் செத்துப்போவாள். இரண்டாவதாக வருகிறவள் முதலில் முறைப்பாள், பிறகு சரியாகிவிடுவாள், கடைசியில் அவனோடு படகிலோ விமானத்திலோ போவாள். பெரிய படிப்புப் படித்தவள் என்று சொல்லுவார்கள். ஓடுகிற நேரம் வந்தால் அவள்தான் தடுக்கி விழுவாள்.

என்னோடு நடவுக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரி எதற்கும் கூச்சப்பட மாட்டாள்.

"போன வாரம் படகுல கூட்டிட்டுப் போனானே, அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்பாள்.

"கரையில எறக்கி விட்டிருப்பான்" என்பார்கள் அக்கா.

"பஸ்ஸுக்காவது காசு குடுத்தானோ என்னவோ."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். ஆனால் எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போது வயல்தான் ஞாபகம் வரும். நடவில் நாங்கள் வரிசையாகக் குனிந்து நிற்போம். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்போம். சேற்றில் வேறு எப்படி நிற்பது. வரப்பில் ஒருத்தர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். நாற்று நெருக்கமாக விழுகிறதா என்று பார்க்கத்தான் வந்திருப்பார். அவர் கண் நாற்றில் இருக்காது. திரும்பிப் பார்க்காமலே எங்களுக்கு அது தெரியும். இந்தப் படம் எடுத்தவரும் வரப்பில் நின்றுதான் எடுத்திருக்கிறார். அந்தப் பெண் கடலில் குளித்தாலும் சரி, கையில் துப்பாக்கி வைத்திருந்தாலும் சரி, காலில் இருந்துதான் காட்ட ஆரம்பிப்பார்கள். முகம் கடைசியில்தான் வரும்.

நான் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிரிக்காமல் இருந்தால் என் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

எனக்கு ஒரே மகள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு நல்ல குரல். ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவளைத்தான் நிறுத்துவார்கள். மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசையில் இருக்கிற எனக்குக் கேட்கும். கம்ப்யூட்டர் படிக்க மெட்ராஸ் போனாள், பெண்கள் விடுதியில் தங்கினாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, மீன் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா, நான் இப்ப சினிமாவுக்குக் குரல் குடுக்கறேன். வெளிநாட்டுப் படத்துக்கு. உளவாளி படம் போடறாங்கல்ல, அதுல வர்ற பொம்பளைங்களுக்கு நான்தான் பேசறேன்."

"எந்தப் பொம்பளைக்கு?"

"ஒரு படத்துல சாகறவளுக்கு, இன்னொரு படத்துல கடைசி வரைக்கும் வர்றவளுக்கு. எது குடுக்கறாங்களோ அது."

கழுவின மீனையே மறுபடி கழுவினேன். அந்தப் பெண்கள் போட்டிருக்கிற உடுப்பு கண் முன்னால் வந்தது. "தெருவில சொல்லிடாதடி" என்றுதான் முதலில் சொன்னேன். அவள் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தெருவில் கேட்டவர்களிடம், கம்பெனியில் பேசுகிற வேலை என்று சொன்னேன். போன் எடுக்கிற வேலை என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அந்த டிவி வீட்டு அக்கா என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டார்கள். அவர்கள் வசதிக்கு நாங்கள் ஈடில்லை. "வேற ஒண்ணும் வேணாம் தங்கச்சி. அவ வேதம் வாசிக்கிற குரல் என் வீட்டுல கேட்டாப் போதும்" என்றார்கள். பையன் லீவில் வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போனான். என் மகளுக்கும் பிடித்திருந்தது. அவள் வேலையைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தாள். "எங்கம்மாகிட்ட நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் எல்லார் முன்னாலும் அறிவிப்பார். முதல் ஓலைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் அக்காவிடம் நான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லலாம் என்று போவேன். படம் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

படங்களில் அவள் குரல் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் வெள்ளைக்காரியின் வாய் அசைகிறதைப் பார்க்கிறபோது, இது வேறு யாரோ என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கு ஒரு பனிமலைப் படம். மலைமேல் ஓட்டல். அந்த முதல் பெண் உளவாளியின் அறைக்கு வந்தாள், கதவைச் சாத்தினாள். அக்கா எழுந்துபோய்த் துணியை இறக்கினார்கள்.

துணிக்குப் பின்னால் படம் ஓடிக்கொண்டிருந்தது. முகம் இல்லை, உடுப்பு இல்லை, பனி இல்லை. என் மகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் அடுப்படியில் பேசுகிற மாதிரியே பேசினாள். கொஞ்சம் மூச்சு அதிகம், அவ்வளவுதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காது சுட்டது. துணியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த வெள்ளைக்காரியின் முகம் வந்தால் போதும், அவள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

ஜன்னல் உடைகிற சத்தம் கேட்டது. துப்பாக்கி வெடித்தது. "அம்மா" என்று ஒரு குரல்.

"என்னடி பாப்பா" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. காய்ச்சலில் அவள் கூப்பிட்டால் எப்படிச் சொல்லுவேனோ அப்படி. கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா துணியைத் தூக்கியபடியே நின்றார்கள். உள்ளே அந்தப் பெண் பாதி உடுப்போடு கம்பளத்தில் செத்துக் கிடந்தாள். உளவாளி அவளைத் தாண்டி ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் பேசினாள். "அடியாத்தி, ஆமா. நம்ம புள்ள குரல்தான். நானும் எங்கயோ கேட்ட மாதிரி இருக்குன்னே பாத்துக்கிட்டிருந்தேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார்கள். "அப்படியா தங்கச்சி?"

தலையை ஆட்டினேன்.

"இத்தனை நாளாவா?"

அதற்கும் தலையை ஆட்டினேன்.

"நான் துணியப் போட்டுப் போட்டு மூடினேன். நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க."

அவர்கள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு வந்தேன். ஏன் காலில் போட்டுக்கொள்ளவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். "எம்மேல கோவப்படாத. நாலு பேரு கேட்டுட்டாங்க. புள்ள அந்த வேலைய விட்டுட்டு வரட்டும். அவ வந்துட்டா, குறிச்ச நாள்ல ஓலை வாசிச்சிடலாம்" என்றார்கள்.

பஸ் நிற்கிற இடத்தில் இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய் விடுதிக்குப் போன் போட்டேன். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. பூத்துக்காரர் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார். நடந்ததை எல்லாம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். கடைசியில், "அவ ஏண்டி அம்மான்னு கத்தினா?" என்று கேட்டேன்.

"இங்கிலீசுல அவ ஒண்ணுமே சொல்லலம்மா. சுட்டதும் விழுந்துடறா. ஒரு வார்த்தை கிடையாது. அவன் பாட்டுக்குத் தாண்டிப் போறான். அவளுக்கு மொத்தமே பத்து வரிதான், அதுல பாதி அவனைக் கொஞ்சறது. எனக்கு மனசு கேக்கல. அந்த இடத்துல நானா ஒரு அம்மா போட்டேன். இருக்கட்டும்னு விட்டுட்டாங்க."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தக் குரலக் கேட்டு நீ என்னன்னு சொல்லி எந்திரிச்ச?" என்று கேட்டாள்.

"என்னடி பாப்பான்னு கேட்டேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள். "அந்த உளவாளிக்குத் தமிழ்ல பேசறவருக்கு மூணு பொண்ணும்மா. போன மாசம் ஒரு பொண்ணுக்கு நிச்சயம் ஆச்சு, எங்களுக்கெல்லாம் லட்டு குடுத்தாரு. அவரை யாரும் வேலைய விடச் சொல்லல. ஆனா நீ சொல்லு. நீ விடச் சொன்னா விட்டுடறேன். நெசமாத்தான் சொல்றேன்."

மீட்டரில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அக்காவின் முகம் ஞாபகம் வந்தது, ஓலை வாசிக்கிற ஞாயிறு வந்தது. அந்த உளவாளி அவளைத் தாண்டிப் போனதும் வந்தது.

"எனக்கு வெக்கமா இருக்குடி" என்றேன்.

"எதுக்கும்மா?"

"எல்லாத்துக்கும்."

"சரி, நான் என்ன பண்ணட்டும்?"

"நீ விட வேணாம்."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவள் பதில் சொல்லுவதற்குக்கூட நிற்கவில்லை. அதை அக்காவிடம் போய்ச் சொல்லுவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று, "அவ பேசட்டும் அக்கா" என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

குறித்த ஞாயிறு வந்தது. போதகர் வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார். வேதபாடம் வேறு ஒரு பெண் வாசித்தாள், அவள் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று வெட்கம். என் பிள்ளைக்காக வெட்கப்படுகிறேனே என்று அதற்கு மேல் ஒரு வெட்கம். எது எங்கே முடிகிறது என்று பிரிக்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வீட்டில் அந்தப் படம் ஓடினால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் அக்கா வீட்டுக்குப் படம் பார்க்கப் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. சில வாரம் கழித்து, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்கள். சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

"போன வாரப் படத்துல உன் பொண்ணு சாகல தங்கச்சி. கடைசி வரைக்கும் இருந்தா" என்றார்கள்.

"அப்படியாக்கா" என்றேன்.

துணியைப் போட்டார்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.