மூன்று தடவை பின்னிய சடை

தம்பி அம்மா வயிற்றில் இருந்தபோது, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா விடிந்ததும் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்குப் போய்விடுவார். எனக்கு ஏழு வயது. ஊருக்கு வெளியே கன்னியர் மடத்தில் அம்மாவின் தங்கை இருந்தார். அந்த மடத்துப் பிள்ளைகள் விடுதியில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

சித்தி வீட்டுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு உற்சாகமாகத்தான் போனேன். வாசலிலேயே அவர் சொல்லிவிட்டார்: "இங்க நான் எல்லாருக்கும் சிஸ்டர்மா. உனக்கும்தான்."

சொன்னபடியே நடந்தார். சோறு போடும்போது எனக்கும் அதே கரண்டி, அதே அளவு. வயிற்றுவலி என்று நடித்துப் பார்த்தேன். மருந்து கொடுக்கும் சிஸ்டரிடம் அனுப்பிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார். இவர் என் சித்தி என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் முப்பது பேருக்கும் சித்திதான் தலைவாரிவிடுவார். ஒரு சனிக்கிழமை, அவர் என் சடையைப் பின்னி முடித்ததும் கிணற்றடிக்குப் போய் அவிழ்த்துவிட்டு வந்து வரிசையின் நடுவில் புகுந்துகொண்டேன். மறுபடி பின்னினார். மறுபடியும் அவிழ்த்தேன்.

"சிஸ்டர், இவ மூணாவது வாட்டி வந்துக்கினு இருக்குறா" என்றாள் பின்னால் நின்ற பெண்.

சித்தி மறுபடி பின்னத் தொடங்கினார். அவர் விரல்கள் மிக மெதுவாகப் போயின. பின்னி முடித்த பிறகும் உள்ளங்கையை என் தலைமேல் வைத்தபடியே இருந்தார். ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் விரித்த தலையோடு கோயிலுக்கு ஓடினார்கள்.

அடுத்த சனிக்கிழமை சீப்போடு வேறொரு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். சித்தி தோட்டத்தில் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் பக்கமே திரும்பக்கூடாது என்று முடிவு செய்தேன். தம்பி பிறந்து, அப்பா என்னை அழைத்துப்போக வந்த அன்று, வேண்டுமென்றே "போயிட்டு வரேன், சிஸ்டர்" என்றேன். "நல்லா இரும்மா" என்றார்.

போன வருடம் அவரைப் பார்க்கப் போனபோது, அன்று மூன்று தடவை எனக்கே பின்னியதற்காக மடத்துத் தலைவி மதர் திட்டினார்களா என்று கேட்டேன்.

"அவங்களுக்குத் தெரியவே தெரியாதும்மா. நானா போய்தான் வேற வேலை கேட்டேன். மூணாவது வாட்டி நீ வந்து உக்காந்தப்போ, மத்த பிள்ளைங்க நிக்குதுங்கன்றதே எனக்கு மறந்துபோச்சு."

ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்திக்கு நான் அலுத்துவிட்டேன் என்பதுதான்.