இருக்கைக்கு அடியில் ஈயம்

ஊருக்கு வெளியே கடக்வாஸ்லா பக்கம் ஒரு கொட்டகையில் என் கணவர் வாலில்லாத விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே இருக்கை, அதுவும் அவர் எடைக்கென்றே வரைந்தது. வால் இல்லாததால், ஓட்டுகிறவரின் எடை மாறினால் சமநிலை கெட்டுவிடும் என்பார். தினமும் குளித்ததும் எடை பார்ப்பார். தீபாவளிக்குக்கூட அரைக் கரண்டி பாயசம்தான்.

போன வருஷம் அவர் எடை குறைய ஆரம்பித்தது.

"குறைஞ்ச அளவுக்கு ஈயம் வச்சா சரியாயிடும். ஒரு பை தைச்சுக் கொடு" என்றார்.

தைத்துக் கொடுத்தேன். ஈயக்குண்டுகளை நிரப்பி இருக்கைக்கு அடியில் கட்டினார். இன்னும் குறைந்தது, இன்னொரு பை தைத்தேன். படித்தவர்கள்தான் இரண்டு பேரும். டாக்டரிடம் போகத் தோன்றவில்லை.

அவர் போன பிறகு விமானத்தை வாங்க ஒருவர் வந்தார். என் கணவரின் பழைய உடல்வாகு. ஏறி உட்கார்ந்து பார்த்தார். பிறகு இறங்கி, அடியிலிருந்த பைகளை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"மேடம், யே நஹீ சாஹியே."

வேண்டாமாம். வாங்கிக்கொண்டேன். என் கணவர் உடம்பிலிருந்து போனதெல்லாம், ஆட்டோவில் வானவடி வீட்டுக்கு வந்து சேரும்வரை என் மடியில் கனத்தது.