வேப்பமரத்தைப் பார்த்துப் பேசியவர்

எண்பதுகளின் கடைசியில் என் அண்ணன் தாம்பரத்தில் டி.பி. ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வராந்தாவின் கோடியில் தனியாக உட்கார்ந்திருப்பார் அந்தக் கோவளத்து மீன்காரம்மா. ஒடிசலான முதுகு, அள்ளி முடிந்த கொண்டை, வாயை மூடிய முந்தானை. யாரோடு பேசினாலும் வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தபடிதான் பேசுவார். என்ன திமிர் என்று நினைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு இருமல் நின்று உடம்பும் தேறியிருந்தது. "இனிமே மாத்திரை எதுக்குடா?" என்று அவன் என்னிடம் சலித்துக்கொண்டது அந்தம்மா காதில் விழுந்துவிட்டது.

"நானும் நல்லா கீறேன்னு நடுவுல நிறுத்தினவதான் தம்பி. இப்ப இன்னா மாத்திர குடுத்தாலும் என் கிருமி சாவ மாட்டேங்குது. உன்னுது இன்னும் மாத்திரைக்குப் பயப்படுது. பயம் வுட்டுப் போறதுக்குள்ள சாவடிச்சுடு."

"அத இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லக் கூடாதாக்கா?" என்றான் அண்ணன்.

"திரும்பினா என்னுது உனக்கு வந்துடும்."

அண்ணன் மாத்திரையை எடுத்து விழுங்கினான். முழுசாகக் குணமாகிக் கிளம்பிய அன்று அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார்.

எங்கள் வீட்டில் இன்றும் அவர் பேச்சு வரும். எதிரே வந்து நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது.