பரமத்தி வேலூர் பக்கம் மிதக்க மறுத்த முட்டைகள்

போன வருடம் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்முறை வகுப்பு நடத்தப் போயிருந்தேன். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். பத்தாம் வகுப்பு என்றேன். செய்முறைச் சாமான் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. ஆய்வகக் கண்ணாடிச் சாமான் கடை வைத்து முப்பது வருடம் ஓட்டியவன் நான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றிலிருந்து, எந்தச் சோதனைக்கும் ஆதாரமாக ஆய்வுக் கட்டுரை தேடி எடுத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். காசில்லாமல் முழுக் கட்டுரையும் திறக்கும் ஆய்வுத் தரவுத்தளங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகிவிட்டேன். பட்டம் கேட்பவர்களிடம் கட்டுரையை நீட்டலாம் இல்லையா?

இந்த பிப்ரவரியில் பரமத்தி வேலூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். அங்கே அறிவியல் டீச்சர் சுமதி இந்த வலைப்பூவைப் படித்துவிட்டு ஜனவரியிலேயே போன் செய்திருந்தார். "வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடை செய்முறைக்குக் கேட்டிருக்கேனுங்க சார். ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்னு எச்.எம். சொல்லிட்டாங்க. சரியா வரலைன்னா அந்த ரெண்டும் மாதிரித் தேர்வுக்குப் போயிருமுங்க."

நாமக்கல் பக்கம் போகிறோம், முட்டையை விட்டு வேறு என்ன எடுப்பது? முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக ஆக அதன் வழியே ஈரம் வெளியேறும்; உள்ளே காற்று சேரும்; புது முட்டை மூழ்கும், பழைய முட்டை மிதக்கும். இதற்கும் ஒரு கட்டுரை எடுத்து வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு முட்டையாக அலமாரியில் எடுத்து வைக்கச் சுமதியிடம் சொன்னேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை 7.10 பஸ். நாமக்கல்லுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் 45 ரூபாய். ராசிபுரத்தில் கூட்டம் ஏறியதும் கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, பொட்டிக்கும் டிக்கெட் போட்டரட்டுங்களா?"

"போடுங்க. ஆனா ஜன்னல் சீட்டு அதுக்குத்தான்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். நாமக்கல்லில் பரமத்தி வேலூர் பஸ் மாறி, இறங்கியதும் ஆட்டோ, 80 ரூபாய். வாழைத் தோப்புகளுக்கு நடுவே போகும்போது டிரைவர் கேட்டார், "வாத்தியாருங்களா?"

"இல்லைங்க."

"அப்பறம் பள்ளிக்கூடத்துல என்ன சோலிங்க?"

"முட்டையை மிதக்க விடணும்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆட்டோவை விரட்டினார்.

ஏழாம் வகுப்பு, முதல் பீரியடு. நான்கு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர். தலைமையாசிரியை பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் முட்டை மூழ்கியது, சரி. இரண்டாவது மூழ்கியது. மூன்றாவதும் மூழ்கியது. நான்கு வாரம் பழைய முட்டையும் போய் அடியில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

"சார், முட்டைக்கு நீச்சல் தெரியலீங்க!" என்றாள் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "போதுமுங்க ஐயா. புள்ளைங்களுக்குப் பரீட்சை வருதுங்க."

"நான் போறதா இல்லைங்க. கட்டுரையில இருக்கறது தப்பில்லை. முட்டையிலதான் ஏதோ இருக்கு." டீச்சரிடம் திரும்பினேன். "இது எந்தக் கடை முட்டைம்மா?"

சுமதிக்கு முகம் வாடிவிட்டது. "கடை முட்டையாங்க? சேலத்துல இருந்து வாரீங்க, உங்களுக்குப் போய் கடை முட்டை வெப்பனுங்களா? எங்க அண்ணன் பண்ணையில வெளிநாட்டுக்கு அனுப்பற முட்டைங்க சார். கேட்டு வாங்கி வெச்சேன்."

ஏற்றுமதி முட்டை! அதில் என்ன வித்தியாசம் என்று எனக்கும் தெரியாது. வகுப்பில் இருந்த கணினியில் தரவுத்தளத்தைத் திறந்தேன். முட்டை, ஏற்றுமதி, எடை குறைவு என்று மூன்று ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடினோம். கோழித் தீவனம் பற்றியெல்லாம் வந்தது. நான்காவதாகச் 'சேமிப்பு' சேர்த்தோம். ஓட்டின் மேல் எண்ணெய் பூசுவது பற்றிக் கட்டுரைகள் வரிசையாக வந்து நின்றன. எண்ணெய் துளைகளை அடைத்துவிடும். ஈரம் வெளியேறுவது வெகுவாகக் குறையும். சுமதி அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டார். ஆமாம், எண்ணெய் பூசியதுதான்.

"அப்ப தொளை அடைச்சிருக்குன்னு எப்படிங்க தெரியும்?" கேட்டது தலைமையாசிரியை.

சத்துணவுக் கூடத்தில் இருந்து எண்ணெய் பூசாத ஒரு பச்சை முட்டையும் சுடுதண்ணீரும் வந்தன. அந்த முட்டையைச் சுடுதண்ணீரில் விட்டதும், உள்ளே இருந்த காற்று சூட்டில் விரிந்து, அகன்ற முனைத் துளைகளில் இருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. அண்ணன் பண்ணை முட்டையிலோ அங்கொன்றும் இங்கொன்றும்தான். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

"வெள்ளிக்கிழமை ரெண்டு பீரியடும் எடுத்துக்கங்க சுமதி," என்றார். பிறகு என்னிடம், "இனி டீச்சரே பாத்துக்குவாங்க. நீங்க இம்புட்டு தூரம் அலைய வேண்டாமுங்க."

திரும்பும் பஸ்ஸில் நாமக்கல் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நியாயம்தான். நியாயமாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டுரையில் முதலில் சுருக்கத்தையும் அடுத்து செய்முறைப் பகுதியையும் படியுங்கள். சோதனை எந்த வெப்பநிலையில் நடந்தது என்று பாருங்கள், நம் ஊர் வெயில் வேறு. பொருள் எங்கிருந்து வந்தது என்று போகும் முன்பே கேளுங்கள், நான் கேட்கவில்லை. பிரியத்தோடு நல்லதாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள், நமக்கு வேண்டியதோ சாதாரணமானது. வகுப்பில் இணையம் இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். காலை 7.10 பஸ்ஸை விட்டால் முதல் பீரியடு போய்விடும்.

நேற்று சுமதி ஒரு படம் அனுப்பியிருந்தார். இரண்டு குவளைகள், ஒரே நாளில் எடுத்து வைத்த முட்டைகள். பண்ணை முட்டை இன்னும் படுத்தே இருக்கிறது. கடை முட்டை கூர்முனையில் எழுந்து நிற்கிறது. "இன்னும் மிதக்கலீங்க சார்" என்று கீழே எழுதியிருந்தார்.

"மிதக்கும்" என்று பதில் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நேரிலேயே போய்ப் பார்க்கப் போகிறேன். பின்பெஞ்சில் உட்காருவதற்கு யாரும் படிப்பு கேட்கமாட்டார்கள்.