அந்த அக்கா ஏன் சொல்லாமல் போகிறார்?

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த அத்தனை நாளும் எனக்கு ஒரே வேலைதான். பக்கத்துக் கட்டில் அக்காவைச் சந்தேகப்படுவது.

செடெனாக்கிலிருந்து வந்து தன் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களுக்கும் சேர்த்து மைலோ கலக்கிக் கொண்டுவருவார். ஏதோ சத்து மாவு விற்கத்தான் இந்த அன்பு என்று நினைத்தேன். கடைசிவரை எதையும் விற்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

அதைவிட மோசம், சாயங்காலம் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிடுவார். சாவு வீட்டிலிருந்துதானே அப்படிக் கிளம்புவார்கள்? எனக்குத் தெரியாத எதையாவது டாக்டர் இவரிடம் சொல்லிவிட்டாரா?

இன்று காலை கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா சொல்லாம போறீங்க?"

"ஆஸ்பத்திரில வரேன்னு சொல்லக்கூடாது லா. வாய் முகூர்த்தம் பலிச்சா நம்மளே வந்து படுக்கணும்."

மத்தியானம் அம்மாவுக்கு டிஸ்சார்ஜ். சக்கர நாற்காலியை வார்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்த நான், நிம்மதியில் திரும்பி வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"வரோம்க்கா!"

"அலமாக்!" என்று பதறிப்போய் அக்கா தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு தடவை இருமும்போதும் அம்மா என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்.

நீங்களெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது என்ன சொல்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த வாரமே செக்கப் இருக்கிறது.