சின்னப்பனுக்குப் போட்ட சைபர்

சாமுவேல் மாஸ்டர் திருடியிருக்கிறார். எங்கள் பழைய கல்லூரியின் ஆண்டு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. ஓடும் ரயிலிலிருந்து சுண்ணாம்பு மூட்டையைத் தள்ளி எறிபொருள் இயக்கத்தைக் கற்பிக்கும் முறையைத் தாமே கண்டுபிடித்ததாக அதில் எழுதியிருக்கிறார். கூடவே, குடை பிடித்தபடி ஒரு படம்.

அது அவருடையது அல்ல. என்னுடையதும் அல்ல. நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, முதலாண்டுக்குப் பௌதிகம் நடத்திய சின்ன வாத்தியார். அவர் துறைத் தலைவர். நானாகக் கண்டுபிடித்தது ஒன்றுதான்: சாக்பீஸை வகுப்பின் குறுக்கே எறிந்து, எப்படி வளைந்து போகிறது பாருங்கள் என்பது. அது கடைசி பெஞ்சில் எவன் தலையிலாவது விழும். எல்லோரும் சிரிப்பார்கள். வளைவை ஒருவனும் பார்த்ததில்லை.

சாக்பீஸ் தூளை நினைத்தால் கரிப்புகையும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் சட்டையெல்லாம் அந்த வாடைதான். அவர்களில் ஒருவன் சின்னப்பன். அவன் அப்பா கிள்ளான் ரயிலில் கார்டு. வழியில் ஒரு தோட்டத்துக்கான பத்திரிகைக் கட்டை, ரயில் நிற்காமலே, ரயில்வே கேட்டருகில் தள்ளிவிட்டுப் போவார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வந்து எடுத்துக்கொள்வார்.

ஆண்டுத் தேர்வில் மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மணிக்கு முப்பது மைல் வேகத்தில் ஓடும் ரயிலிலிருந்து, நாலடி உயரத்தில் நழுவும் மூட்டை எவ்வளவு தூரம் தள்ளி விழும்? சின்னப்பன் மூன்றே வரி எழுதினான். விழ அரை விநாடி ஆகும். அதற்குள் ரயில் இருபத்திரண்டு அடி போகும், மூட்டையும் கூடவே போகும். அதனால்தான் கார்டுகள் கேட்டுக்கு அவ்வளவு முன்பே தள்ளிவிடுகிறார்கள்.

விடை சரி. மாஸ்டர் சைபர் போட்டார். அதனால் அவன் பெயில். பெயிலானால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும். இரண்டாம் ஆண்டு கிடையாது.

நான் போய்க் கேட்டேன். "சூத்திரம் எங்க? இது கார்டு வேலை, பிசிக்ஸ் இல்ல," என்றார்.

"விடை சரியா இருக்கே சார்?"

"குருட்டாம்போக்குல வந்திருக்கும்."

சின்னப்பன் அசரவில்லை. நேராக அவர் அறைக்கே போனான். "ஞாயித்துக்கிழமை கேட்டுக்கு வாங்க சார். எங்கப்பா தள்ளுவாரு, நீங்களே அளந்துக்குங்க."

வந்தார். குடையோடு தண்டவாளத்துக்கு வெகுதூரத்தில் நின்றார். நாங்கள் பத்துப் பேர் சைக்கிளில் போயிருந்தோம். விழுந்த இடம் தெரிய வேண்டுமென்று, சின்னப்பன் மூட்டையில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி முன்பே அப்பாவிடம் கொடுத்திருந்தான். கேட்டுக்கு முன்னால் ஒரு கம்பம். அதற்கு நேராக வரும்போது தள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

ரயில் வந்தது. கார்டு பெட்டியின் கதவோரம் குந்தியிருந்தவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "வாத்தியாரே, தள்ளி நில்லுங்க லா! மேல விழும்!"

விடை சரியென்று வாதாடிய நான், சரியாக மூட்டை விழும் இடத்திலேயே நின்றிருந்தேன். குதித்து விலகினேன். முழங்கால்வரை வெள்ளை.

நாடா பிடித்தோம். இருபத்தோரடி. மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"ஒரு அடி குறையுதே."

"ரயிலு கொஞ்சம் மெதுவா வந்திருக்கும் சார்," என்றான் சின்னப்பன்.

பின்னாலிருந்து ஒருவன், "அந்த ஒரு அடிக்கு மார்க்கைக் குறைச்சுக்குங்க சார், மிச்சத்தைப் போடுங்க!" என்றான். மாஸ்டரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சைபர் மாறவில்லை.

மேலிடத்துக்கு நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். சின்னப்பன் டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியானான். அடுத்த ஆண்டே மாஸ்டர் புது மாணவர்களை அதே கேட்டுக்கு அழைத்துப் போனார், சுண்ணாம்பு மூட்டையோடு.

இப்போது பத்திரிகை லோரியில் போகிறது. அந்தக் கேட்டை எடுத்துவிட்டார்கள். சின்னப்பனின் அப்பா இறந்துவிட்டார். சைக்கிளில் வந்தவர்களில் இரண்டு பேர் விலாசம்தான் எனக்குத் தெரியும். பழைய விடைத்தாள்களைக் கரையான் தின்றுவிட்டது என்கிறது கல்லூரி அலுவலகம்.

மாஸ்டர் இருக்கிறார். எழுதவும் அவருக்குக் கை வருகிறது. இந்த மாதமே, பெயர் போட்டு, பத்திரிகையில் எல்லோரும் படிக்கப் பதில் சொல்லட்டும்: சின்னப்பன் பாஸா, பெயிலா?