போட்ட ஊசியைப் போடவில்லை என்று காட்டிய காலை

வீட்டில் அவளுக்குப் பெயர் திடுக்கு. குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கையில் இருப்பது கீழே விழும். பேருந்து ஓட்டும் கணவர் வீட்டுக்குள் வரும்போதே வாயால் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வருவார். “இல்லேன்னா காப்பி என் சட்டைக்குத்தான்” என்பார்.

முன்பு ஒரு மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அலறும் தொலைபேசி அவளைப் பாடாய்ப் படுத்தியது. கணினி கத்தாது, முறைக்காது. அதனால் தானாகவே படித்து, இணையதளம் கட்டும் வேலைக்கு மாறினாள். வீடுவீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றும் நர்ஸ்களின் சிறு நிறுவனம் ஒன்று அவளை நம்பித் தன் தளத்தை ஒப்படைத்தது.

நோயாளிகள் ஓர் அட்டவணை, மருந்துகள் இன்னொன்று, யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் எண்கள் கோர்த்துப் பிடித்திருக்கும். இதற்குத் தனி சர்வர் வைத்து, தனிக்குடித்தனம் நடத்தும் பெரிய டேட்டாபேஸ் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. தளத்தின் பக்கத்திலேயே ஒரே ஒரு கோப்பாக அடங்கிக் கிடக்கும் சின்ன டேட்டாபேஸைத்தான் எடுத்தாள். பத்திருபது நர்ஸ்களுக்கு அது தாராளம். எல்லாம் ஒரே இடத்தில், கண்ணெதிரே இருப்பது பயந்த மனசுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

அன்று காலை பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு வீடு மாற்றினாள். தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பை நகலெடுத்துப் புதிய இடத்தில் வைத்து, திறந்து பார்த்தாள். ஒரு குறையும் சொல்லாமல் திறந்தது. ‘அப்பாடா’ என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தலைமை நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, காலையில போட்ட ஊசி எதுவுமே காட்டலையே? எல்லாம் ‘பாக்கி’ன்னு வருது.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புதிதாக வரும் பதிவுகளை அந்த டேட்டாபேஸ் உடனே பெரிய கோப்பில் சேர்க்காது. பக்கத்தில் ஒரு துணைக் கோப்பில் போட்டு வைத்து, சமயம் பார்த்துத்தான் உள்ளே சேர்க்கும். அவள் பெரியதை மட்டும் தூக்கிவந்து, துணையை அங்கேயே விட்டுவிட்டாள். காலைப் பதிவுகள் மொத்தமும் பழைய சர்வரில் கிடந்தன.

“அக்கா, எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க. யாரும் யாருக்கும் எதுவும் போடக் கூடாது. தப்பு என்னுது. பெறகு விளக்குறேன்.”

தளத்தை நிறுத்தினாள். தலைமை நர்ஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் மட்டும் போனை எடுக்கவில்லை.

“அவ லாரிக்காரர் வீட்டுக்குத்தான் போயிருப்பா. அவருக்கு இன்சுலின்மா. நான் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கேன்.”

அந்த வீடு இவள் தெருவுக்கு அடுத்த தெரு. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். ‘போட்டிருக்கக் கூடாது, போட்டிருக்கக் கூடாது’ என்று வாய் தானாக முணுமுணுத்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் திட்டியது காதில் விழவில்லை.

கதவு திறந்தே இருந்தது. முன்னாள் லாரி ஓட்டுநர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேசையில் காலி ஊசி.

“போட்டாச்சா?”

“இப்பதான்” என்றாள் புது நர்ஸ். “ஏன், என்ன?”

பெரியவர் அமைதியாகச் சொன்னார்: “காலையில ஒரு பொண்ணு வந்து போட்டுட்டுப் போச்சுன்னு சொன்னேன்மா. இந்தப் பொண்ணு போனைப் பாத்துட்டு, இல்ல தாத்தா, நீங்க மறந்துட்டீங்கன்னுச்சு. சரி, எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு கையைக் காட்டிட்டேன்.”

புது நர்ஸ் பதறிப்போய்ப் போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே உடனே கூட்டிவரச் சொன்னார் டாக்டர். டாக்ஸியில் பெரியவரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது, விரல்கள் நடுங்கின. திடுக்கு தம்ளரை அவர் உதட்டில் வைத்துப் பிடித்திருந்தாள்.

“நீ யாரும்மா? நீயும் நர்ஸா?”

“இல்லீங்க. அந்தப் போன்ல வர்றதை எழுதினவ நான்தான். உங்களுக்குப் போட்டாச்சுன்னு இருந்ததை நான்தான் தொலைச்சேன்.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “அப்போ எனக்குப் புத்தி பிசகல?”

“இல்லவே இல்லைங்க.”

“அது போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். மயங்கிவிட்டாரோ என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. தோளைப் பிடித்து உலுக்கினாள். “லாரி ஓட்டுறப்ப தூங்கினா எழுப்பலாம், டாக்ஸியில தூங்கினாலுமா எழுப்புவீங்க?” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பதும், எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும், மறுபடி குத்துவதுமாக நேரம் போனது. அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பழைய சர்வரை அழிக்காமல் விட்டிருந்தது அதிர்ஷ்டம். துணைக் கோப்பும் அதில் பத்திரமாக இருந்தது. ஆனால் தொலைந்த பதிவுகளின் எண்களையே புதிய பதிவுகள் எடுத்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாகக் கொட்டினால், ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவர் பேரில் போய் உட்காரும். ஒவ்வொன்றாகப் புது எண் கொடுத்து, அந்தந்த நர்ஸிடம் கேட்டுச் சரிபார்த்துச் சேர்த்தாள். ஒவ்வொரு பதிவிலும் இன்னொரு கட்டிலும் இன்னொரு குளுக்கோஸ் பாட்டிலும் கண்ணுக்குத் தெரிந்தன. வேறு யாருக்கும் இரண்டாவது ஊசி போகவில்லை என்று உறுதியானபோதுதான் தண்ணீர் குடித்தாள்.

மாலையில் சர்க்கரை நிலைக்கு வந்தது. மறுநாள் பெரியவர் வீடு திரும்பினார். தலைமை நர்ஸ் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, “இனிமே என்ன செய்யப் போறே, அதைச் சொல்லு” என்றார்.

டேட்டாபேஸை அவள் மாற்றவில்லை. அதைக் கையாளும் விதத்தை மாற்றினாள். வெறும் கோப்பை இழுத்துவருவதை விட்டு, டேட்டாபேஸே முழுமையாகத் தரும் நகலை மட்டும் எடுத்து, கடைசிப் பதிவு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தளத்தைத் திறந்தாள். நர்ஸின் திரையில் ஒரு கேள்வியையும் சேர்த்தாள்: ‘இன்று ஏற்கெனவே போட்டதாக நோயாளி சொல்கிறாரா?’ ஆம் என்று தட்டினால் மேலே போக முடியாது. அலுவலகத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

அந்த வாரமே ஒரு நோயாளி ஆம் என்று சொல்லிவிட்டார். செய்தி வந்ததும் அவள் எல்லாப் பதிவையும் புரட்டிப் பார்த்தாள். அந்த நோயாளி சொன்னது முந்தின நாள் ஊசியை. அலுவலகம் சரி என்றதும் நர்ஸ் போட்டுவிட்டுக் கிளம்பினாள். இவள் மட்டும் அந்த நோயாளியின் பதிவுப் பக்கத்தை விடவே இல்லை. மதியம் வரை திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.